செய்கூலி இல்லாத வளையல்

வடிவமைப்புப் பயிலும் மாணவர்களுக்கு உற்பத்தி முறைகள் என்றொரு பாடம் உண்டு. வார்ப்பு, கடைசல், அச்சு, ஊதல், பற்றவைப்பு என்று வகுப்பறையில் படித்தவற்றைத் தொழிற்சாலையில் நேரில் காண வேண்டும். மூலப்பொருள் நுழையும் வாயிலிலிருந்து முடிந்த பொருள் வெளியேறும் வாயில்வரை ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பெட்டியாக வரைந்து, அம்புக்குறிகளால் இணைத்துத் தர வேண்டும். மொழியியலில் முதுகலை முடித்து, இப்போது தொழிற்சொற்களைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நான், அத்தகைய மாணவர் குழு ஒன்றுடன் உத்தரப்பிரதேசத்தின் பிரோசாபாத்துக்குச் சென்றிருந்தேன். அவர்கள் இயந்திரங்களை வரைந்தார்கள். நான் சொற்களைக் குறித்துக்கொண்டேன். இரண்டு குறிப்பேடுகளும் ஓரிடத்தில் பொருந்தாமல் போயின. அந்தப் பொருந்தாமையைப் பற்றியதே இப்பதிவு.

ஆக்ராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே உள்ள பிரோசாபாத், கண்ணாடி வளையலுக்குப் பேர்போன நகரம். மணல், சோடாச் சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றின் கலவை உலையில் உருகிக் குழம்பாகிறது. இரும்புக் கோலின் நுனியில் ஒருவர் அந்தக் குழம்பைத் திரட்டி எடுக்கிறார். வேறொருவர் அதன்மேல் நிறக் கண்ணாடியை ஏற்றுகிறார். மற்றொருவர் அதை உருட்டிச் சீராக்குகிறார். அந்தத் திரளிலிருந்து இழுக்கப்படும் இழை, சூடான உலைக்குள் சுழலும் உருளையொன்றில் நெருக்கமாகச் சுற்றப்பட்டு நீண்ட சுருளாகிறது. அந்த உருளையின் பெயர் ‘பேலன்’. வடநாட்டு அடுக்களையில் சப்பாத்திக் கட்டைக்கும் அதுவே பெயர். ஆறிய சுருளின்மேல் நீளவாக்கில் கீறினால் அது தனித்தனி வளையங்களாகப் பிரிகிறது. அவற்றை எண்ணிக் கயிற்றால் கட்டுகிறார்கள். அந்தக் கட்டுக்குத் ‘தோடா’ என்று பெயர். ஒரு கட்டில் முந்நூறுக்குச் சற்று மேற்பட்ட வளையங்கள் இருக்கும். தோடாக்கள் வண்டியில் ஏறி வாயிலைக் கடந்ததும் மாணவர்களின் வரைபடமும் முடிந்தது.

ஆனால் வாயிலைக் கடந்தது வளையல் அன்று. சுருளிலிருந்து வெட்டப்பட்டதால் ஒவ்வொரு வளையமும் வாய் திறந்தே இருக்கிறது. அதன் இரு முனைகளும் ஒரே தளத்தில் நில்லாமல், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக விலகி நிற்கின்றன. அதை அப்படியே கையில் அணிந்தால் தோலைக் கிழித்துவிடும். முனைகளைச் சூட்டில் இளக்கி ஒரே தளத்துக்குக் கொண்டுவரும் வேலைக்குச் ‘சதாயி’ என்று பெயர். அவற்றைச் சுடரில் உருக்கி ஒட்டும் வேலை ‘ஜுடாயி’. இவ்விரண்டும் பெரும்பாலும் நகரத்துச் சந்துகளில், வீடுகளுக்குள் நடக்கின்றன. குறிப்பாக ஜுடாயியைச் செய்பவர்களில் மிகப் பலர் பெண்கள்.

அப்படியொரு வீட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். சுடர் அசையக்கூடாது என்பதற்காக மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். இந்த வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். “ஜுடாயி, பேட்டா” என்றார் அந்த அம்மா, கையை நிறுத்தாமல். ஒட்டுவதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று பேச்சு வளர்ந்தபோது, “போன வாரத்து ஜுடாயியே இன்னும் வரவில்லை” என்றார். முதலில் வேலையைச் சுட்டிய சொல், அடுத்த நொடியில் கூலியைச் சுட்டியது.

இந்தியில் ‘ஆயி’ என்னும் விகுதியின் இயல்பு இது. ‘சிலாயி’ என்றால் தையல். தையலுக்குக் கொடுக்கும் காசும் அதுவே. ‘துலாயி’ என்றால் வெளுப்பு, வெளுத்ததற்கான கூலி. ‘பிசாயி’ என்றால் மாவு அரைத்தல், அரைத்ததற்கான கூலி. இலக்கண நூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஆனால் ஒரு வேலையின் பெயரைச் சொன்னாலே அதற்குரிய ஊதியமும் உடன் நினைவுக்கு வருமாறு ஒரு மொழி அமைந்திருப்பது சிறிய செய்தி அன்று. நம் வரைபடங்களின் மொழி இதற்கு நேர்மாறானது. உருக்கப்படுகிறது, சுற்றப்படுகிறது, வெட்டப்படுகிறது என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் செயப்பாட்டுவினைதான். செய்பவரே அங்கு இல்லாதபோது கூலிக்கு எங்கே இடம்?

தமிழில் வேலைக்கும் கூலிக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு என்றாலும், ‘செய்கூலி’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. பொன் வளையல் வாங்கும்போது செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று பார்த்துப் பார்த்துப் பேரம் பேசுகிறோம். கண்ணாடி வளையல் வாங்கும்போது அந்தச் சொல் நம் வாயில் வருவதேயில்லை. டஜன் என்ன விலை என்று கேட்பதோடு சரி. ஒவ்வொரு வளையலிலும் விரலால் தடவினால் தட்டுப்படும் ஒரு சிறு முடிச்சு இருக்கும். அதுதான் ஜுடாயி.

சட்டத்தின் பார்வையும் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடுகிறது என்பதற்கு 1996ஆம் ஆண்டு நல்ல சான்று. தாஜ்மகாலின் பளிங்கு மாசுபடுவதைத் தடுக்க, அதைச் சுற்றி வரையறுக்கப்பட்ட சுமார் 10,400 சதுர கிலோமீட்டர் பகுதியில் நிலக்கரியை எரிக்கும் ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இயலாவிட்டால் இடம்பெயர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று தீர்ப்பளித்தது. பிரோசாபாத்தும் அப்பகுதிக்குள் அடங்கும்; அங்குள்ள கண்ணாடி உலைகளும் எரிவாயுவுக்கு மாறின. தேவையான தீர்ப்புதான். அதே ஆண்டில்தான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வீட்டிலிருந்து வேலை செய்வோரைப் பிற தொழிலாளர்களுக்கு இணையாக நடத்தக் கோரும் 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதற்கு இந்தியா இதுவரை ஏற்புறுதி அளிக்கவில்லை. புகைபோக்கியின் புகை பளிங்கை எட்டியதால் கண்ணில் பட்டது. சாளரம் சாத்திய அறையின் சுடர் யார் கண்ணிலும் படவில்லை.

வடிவமைப்பு மாணவர்களுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். வளையலின் தடிமனையும் நிறத்தையும் காகிதத்தில் முடிவு செய்பவர் நாளை அவர்களுள் ஒருவராக இருக்கலாம். தடிமன் சற்றுக் கூடினால் முனை இளகக் கூடுதல் நேரம் பிடிக்கும். கூலியோ எண்ணிக்கைக் கணக்கு. அந்தக் கூடுதல் நொடிகளை முந்நூறால் பெருக்கிச் சுமப்பவர், வரைபடத்தில் இல்லாத ஓர் அறையில் அமர்ந்திருக்கிறார். அவர் அமரும் உயரம், சுடரின் தொலைவு, புகை வெளியேறும் வழி எல்லாம் வடிவமைப்புச் சிக்கல்களே. பெட்டி வரையப்படாததால் அவை எவருக்கும் பாடமாக வருவதில்லை.

ஆகவே, இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபடத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே மூன்று கேள்விகளைச் சேருங்கள்: இதை யார் செய்கிறார், எங்கே செய்கிறார், அவர் கூலி எதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. வேலையின் பெயரை, அதைச் செய்பவர் வாயில் வழங்கும் சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒரு மாணவி அப்படி எழுதிப் பார்த்தாள். ஒரே தாளில் முடிந்திருந்த அவளுடைய வரைபடத்துக்கு இரண்டாவது தாள் தேவைப்பட்டது.