அம்மா நிற்கப் பழகுகிறாள்

எங்க அம்மாவை நடவுக்குக் கூப்பிடாத வயல் எங்கள் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. முழங்கால் சேற்றில் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நாற்று நடுவாள். அறுப்புக் காலத்தில் தலையில் கதிர்க்கட்டோடு வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போவாள். கால் வழுக்கினாலும் உடம்பு சுதாரித்துக்கொள்ளும், கட்டு சாயாது. அதை ஒரு வித்தை என்று எவனும் சொன்னதில்லை. கூலி வேலை என்றார்கள்.

பக்கவாதம் வந்து இடதுகையும் காலும் விழுந்தபிறகு அவளால் சமதரையில் நிற்க முடியவில்லை. காலில் ஓரளவு பலம் திரும்பிய பின்னும், "தரை எங்க இருக்குன்னே தெரியலடா" என்றாள்.

பலம் வேறு, நிலை வேறு. கண் பார்ப்பதையும், உள்காது சொல்வதையும், பாதமும் மூட்டும் உணர்வதையும் சேர்த்து மூளை கணக்குப் பார்ப்பதால்தான் நிற்கிறோம். சொம்பை எடுக்கக் கை நீளும் முன்பே காலும் முதுகும் இறுகிக்கொள்கின்றன. வாதம் அடித்த உடம்பில் இந்த முன்னேற்பாடு பிந்துகிறது. யாராவது இடித்தால் விழாமலிருக்க ஒரு எட்டு வைக்கணும்; அந்த எட்டு நேரத்துக்கு வருவதில்லை. பாரமெல்லாம் நல்ல கால்மேலேயே நிற்கிறது. சிலர் நல்ல கையாலேயே தம்மை விழுந்த பக்கம் தள்ளிக்கொள்வார்கள். சாய்ந்திருப்பதையே நேர் என்று மூளை நம்புகிறது.

ஊரிலோ, "உக்காந்து திங்க ருசி கண்டுட்டா" என்றார்கள்.

பாதம் சொல்லாததைக் கண்ணால் சமாளிக்கிறவளுக்கு இருட்டுதான் எதிரி. காலனியில் தெருவிளக்கு எரியாத ராத்திரிகளில் அம்மா தண்ணி குடிக்கமாட்டாள், ஒதுங்கப் போகணுமே என்று. வாதம் வந்தவர்கள் விழுந்தால் பெரும்பாலும் செயலிழந்த பக்கத்து இடுப்பெலும்புதான் முறிகிறது. புழங்காத பக்கம் எலும்பும் மெலிந்துபோகும்.

அரசு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறணும். துணைக்குப் போகிறவருக்கு ஒருநாள் கூலி போச்சு. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். வந்த தங்கச்சி சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, விழுந்த காலில் பாரம் ஏற்றுவது, நின்றபடி கைநீட்டிப் பொருள் எடுப்பது. திரும்பத் திரும்பச் செய்யணும். மூளை அப்படித்தான் மறுபடி கற்கிறது.

"தைரியமா நில்லு" என்று அதட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். தைரியத்துக்கு இவர்களிடம் பஞ்சமில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, எரிகிற விளக்கு, வீட்டை ஒட்டிக் கழிப்பறை, வாரம் தவறாமல் பயிற்சி தர ஒரு ஆள், இவைதான் இல்லை. சுடுகாட்டுப் பாதைக்கும் பட்டாவுக்கும் மனு எழுதுகிற தோழர்களே, அதே தாளில் இதையும் எழுதுங்கள்.