பட்டம் எடுக்கிற ஆக்கள்

அந்த வகுப்பில் மொத்தம் 17 பேர். நாங்கள் முதல்நாள் போனபோது மூன்று பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் மேசைக்குக் கீழே இருந்தார். ஒரு பிள்ளை தண்ணீர்ப் போத்தலைத் திறக்கத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. ரீச்சர் எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நீங்கள் ஒண்டும் படிப்பிக்க வேண்டாம். போத்தலைத் திறந்து குடுங்கோ. பிறகு, திறக்கப் பழக்குங்கோ."

நாங்கள் நாலு பேர். கலைப்பீடம், மூன்றாம் வருசம். எங்களில் ஒருத்தியின் ஊர் வடமராட்சிக் கரையோரம். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் தரம் ஒன்றுக்கு உதவிக்கு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, விரிவுரை இல்லாத நாட்களில் போய் வருவோம் என்று வெளிக்கிட்டோம். உண்மையைச் சொன்னால், எழுத்தறிவிக்கப் போகிறோம் என்ற ஒரு மிதப்பு எங்களுக்கு இருந்தது. விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுதுவிக்கிற ஐயர் மாதிரி எங்களை நாங்களே நினைத்துக்கொண்டோம்.

முதல் மாதம் ஒரு எழுத்தும் இல்லை. வரிசையில் நிற்கப் பழகினார்கள். சப்பாத்தின் இடம் வலம் பழகினார்கள். ஒண்டுக்குப் போகவேண்டும் என்றால் கை உயர்த்திக் கேட்கப் பழகினார்கள் (இதற்கே மூன்று கிழமை, இரண்டு மாற்று உடுப்பு). அழிறப்பரைக் கேட்டு வாங்கி, பிறகு திருப்பிக் குடுக்கப் பழகினார்கள். இதில் திருப்பிக் குடுக்கிறதுதான் கஷ்டம். கணிதம் என்று நடந்ததெல்லாம் புளியங்கொட்டையும் சிப்பியும்தான்: பெரிசு எது, சின்னன் எது, கூட எது, குறைய எது. ஐந்துக்கு மேலே எண்ணத் தெரியாத ஒரு பெட்டை சிப்பிகளைக் கூறு கூறாகப் பிரித்து வைத்தாள். ஒவ்வொரு கூறும் சரிசமன். கரையில் மீன் கூறு போடுவதை அவள் பிறந்ததில் இருந்து பார்க்கிறாள் போல.

தரம் ஒன்றும் இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் நாட்டுப் பாடத்திட்டத்தில் முதன்மை நிலை ஒன்று. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்று வழியில் கற்பிக்கவேண்டும், இந்த நிலையில் விளையாட்டுக்கு இடம் கூட இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. இதெல்லாம் பெற்றாருக்கு விளங்காது என்று சொல்லமாட்டோம். அவர்களுக்கு விளங்குகிறது, ஆனால் பயம். ஒரு அம்மா படலையில் நின்று கேட்டார்: "பக்கத்து வீட்டுப் பிள்ளை வானில ரவுணுக்குப் போகுது. அது இப்பவே தன்ர பேரை எழுதுது. இவன் இன்னும் சிப்பி பொறுக்கிறான்." தரம் ஐந்துப் புலமைப்பரிசில் நாலு வருசத்துக்கு முன்னமே அந்தப் படலையில் வந்து நிற்கிறது. அடுத்த தவணைக்கு அவரும் பிள்ளையை ரவுணுக்கு மாற்றினால் 17, 16 ஆகும். சின்னப் பள்ளிக்கூடங்கள் இப்படித்தான் ஒவ்வொருவராய்க் குறைகின்றன. ரீச்சர் அவரோடு வாதாடவில்லை. "இன்னும் ஒரு மாதம் பொறுங்கோ" என்றார்.

எழுத்து வந்தபோது ரீச்சர் அகரத்தில் தொடங்கவில்லை. 'ட', 'ப', 'ம'. கோடு கீறத் தெரிந்த கைக்கு இவை சுகம். மூன்றையும் வைத்துக்கொண்டு படம், மடம் என்று போய் 'பட்டம்' வந்தது. வகுப்பே எழும்பி நின்றுவிட்டது. தைப்பொங்கல் கழிந்து கனநாள் ஆகவில்லை, வடமராட்சியில் அது பட்டக் காலம். கொக்குப் பட்டம், எட்டுமூலை, பெட்டிப் பட்டம், விண் கட்டினால் இரவு முழுக்கக் கூவும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ரீச்சர் எங்களைக் காட்டி, "இந்த அண்ணாக்களும் அக்காக்களும் பட்டம் எடுக்கத்தான் படிக்கினம்" என்றார். முன்வரிசையில் இருந்த ஒருத்தர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கட மாமா படிக்காமலே பட்டம் கட்டுவார். முச்சையும் அவரே கட்டுவார்."

கலைப்பட்டதாரிகளின் வேலையில்லாப் பிரச்சினை பற்றி எத்தனையோ கூட்டத்தில் இருந்திருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை.

இனி நாங்கள் சொல்ல விரும்பாத கதை. இரண்டாம் கிழமை, படமட்டைகளை நிலம், கடல் என்று பிரிக்கிற விளையாட்டு. கடைசி வரிசைப் பெடியன் ஒருவனிடம் ஒரு மட்டையைக் காட்டி, இது என்ன என்று கேட்டோம்.

"றால்."

"றால் இல்லை அப்பன், இறால். எங்க, சொல்லுங்கோ பாப்பம்?"

அவன் சொல்லவில்லை. எங்களைப் பார்த்தான், மட்டையைக் கடல் பக்கம் வைத்தான், போய்விட்டான். அதற்குப் பிறகு எங்களோடு அவன் கதைக்கவில்லை. தலையாட்டுவான், விரலால் காட்டுவான். கூச்சம் என்று நினைத்தோம். ஒரு மாதத்துக்கு மேல் போனது. பிள்ளைகளின் தேர்ச்சிகளைக் குறிக்கிற தாளில் எங்களிடம் இருந்த பிள்ளைகளுக்குப் பென்சிலால் அடையாளம் போடச் சொன்னார் ரீச்சர். பேச்சு சம்பந்தமான பெட்டி ஒவ்வொன்றிலும் அவனுக்குப் புள்ளடி போட்டோம். கொஞ்சம் கவலையோடுதான் போட்டோம். விசேட உதவி தேவைப்படலாம் என்று ஓரத்தில் எழுதவும் செய்தோம்.

ரீச்சர் தாளைப் பார்த்துவிட்டு, "இடைவேளைக்கு வேப்பமரத்தடிக்குப் போய்ப் பாருங்கோ" என்றார்.

போனோம். மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம். அவன் நாலு பெடியளை இருத்தி வைத்து, தகப்பனின் படகு இயந்திரம் நடுக்கடலில் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கொண்டல் எந்தப் பக்கம், சோளகம் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினான். வலையில் வந்த சூடை, ஒரா, திருக்கை எல்லாம் கதையில் வந்தன. இயந்திரத்தின் சத்தத்தை வாயால் போட்டான், அது நின்றதையும் போட்டான். எங்களைக் கண்டதும் அவனும் நின்றுவிட்டான்.

மொழியியல் பாடத்தில் 'இரட்டை வழக்கு' படித்திருக்கிறோம். 1959இல் பேர்கசன் எழுதிய கட்டுரை, உயர் வழக்கு, தாழ் வழக்கு, இரண்டுக்கும் வேறு வேறு இடங்கள். தாழ் என்றால் குறைந்தது என்று அர்த்தமில்லை என்று சோதனையில் இரண்டு பக்கம் எழுதினோம். நல்ல புள்ளியும் வந்தது. வீட்டில் நாங்களும் றால் என்றுதான் சொல்கிறோம்.

"நீங்கள் அவனைத் திருத்திப்போட்டியள். நான் அண்டைக்கே கண்டனான்" என்றார் ரீச்சர்.

"ஏன் ரீச்சர் அப்பவே சொல்லேல்லை?"

"நீங்களும் இப்பதானே தரம் ஒண்டு."

ஓரத்தில் எழுதியதை அழிக்க அழிறப்பர் கேட்டோம். பக்கத்தில் இருந்த பெட்டை தந்தாள். திருப்பித் தரவேண்டும் என்று சொல்லித்தான் தந்தாள்.

அவனோடு பழையபடி சமாதானமாகப் பல வழி பார்த்தோம். மீன் படம் கீறிப் பெயர் கேட்டோம். கீறியது மீன் மாதிரி இல்லை என்பதால் அவன் பேசாமல் இருந்தானோ தெரியாது. படகில் என்ன இயந்திரம் என்று கேட்டோம். "யமகா" என்றான், ஒரு சொல்லில். எங்களுக்கு அது பெரிய விசயம். ஆனால் அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை. சிறு பிள்ளைகள் உடனே மறந்துவிடுவார்கள் என்று சொல்வதை இப்போது அவ்வளவாக நம்புவதில்லை.

தவணையின் கடைசிக் கிழமை. படலையில் நின்ற அம்மா வகுப்பு வாசல் வரைக்கும் வந்து மகனின் கொப்பியைப் பார்த்தார். 'பட்டம்' என்று ஆறு தரம் எழுதியிருந்தது, இரண்டில் புள்ளி இல்லை. கொப்பியைக் கனநேரம் வைத்திருந்தார். மாற்றுவாரா இல்லையா என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

அன்றைக்குத் திரும்பவும் அதே படமட்டை விளையாட்டு. எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் அந்த மட்டையை எடுத்தான், எங்களை ஒருக்காப் பார்த்தான்.

"இ...றால்" என்றான். வாசிப்புப் புத்தகம் வாசிக்கிற குரல். உடனே பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பி, "டேய், றாலை அங்கால வை, அது கடல்" என்றான்.

சந்தோசப்படுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பருத்தித்துறைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. படலையைச் சாத்திவிட்டுப் போகச் சொல்லி உள்ளேயிருந்து ரீச்சர் கூப்பிட்டார்.