அழித்த கடிதம்

எங்கள் கணினிக்கூடத்தின் மூலையில், திரையும் விசைப்பலகையும் இல்லாமல் ஒரு பழைய கணினி இரைந்துகொண்டிருக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அதைப் பழுதான கணினி என்று நினைத்து மேலே புத்தகப்பை வைப்பார்கள். அதுதான் எங்கள் கோப்புச் சேவையகம். அதை அமைத்ததில் எனக்குப் பங்குண்டு. அமைக்க வேண்டி வந்ததற்குக் காரணமும் நான்தான்.

போன வருடம் தமிழ்மொழித் தினப் போட்டிக்கான நாடகப் பிரதியை ஐந்து பேர் சேர்ந்து மூன்று வாரமாகத் தட்டெழுதி வந்தோம். எல்லோருக்கும் பொதுவான ஒரு கோப்புறையில் அது இருந்தது. ஒருநாள் என் பென் ட்ரைவில் இருந்த பழைய பிரதியை அங்கே போட்டேன். "ஏற்கெனவே இதே பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றவா?" என்று கணினி கேட்டது. வாசிக்காமலே ஆம் என்று அழுத்தினேன். மூன்று வார வேலை போய்விட்டது. ரீசைக்கிள் பின்னில் தேடினோம். வலையமைப்பில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து அழிந்தது அங்கே வராது என்பதை அன்றுதான் அறிந்தேன். தோழிகள் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அந்த விடுமுறையில் டீச்சரிடம் அனுமதி வாங்கி, ஒதுக்கி வைத்திருந்த கணினி ஒன்றை எடுத்தோம். 500 ஜிபி வன்தட்டுகள் இரண்டு பூட்டி உபுண்டு நிறுவினோம். இரண்டு தட்டிலும் ஒரே விடயம் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். அப்போது டீச்சர் கேட்டார்: "மகள், நீங்க திரும்பவும் பழைய பிரதிய மேல போட்டா?" யோசித்துப் பார்த்தேன். என் பிழையும் இரண்டு தட்டிலும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும்.

ஆகவேதான் இஸட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்தினோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கி 2005 இல் அதன் மூலநிரலை வெளியிட்டது. அது வேலை செய்யும் விதத்தை உம்மாவுக்கு இப்படித்தான் சொன்னேன்: கொப்பியில் ஒரு விடையைத் திருத்த வேண்டுமென்றால் நாம் இறப்பரால் அழித்து அதே இடத்தில் எழுதுவோம். இது அழிக்காது. புதிய விடையை வெற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டு, முன்னால் உள்ள பொருளடக்கத்தில் பக்க எண்ணை மட்டும் மாற்றும். பழைய பொருளடக்கத்தையும் கிழிக்காமல் வைத்துக்கொண்டால் பழைய விடையையும் பார்க்கலாம். அதற்குப் பெயர் ஸ்னெப்ஷொட். எடுக்க ஒரு வினாடி போதும். மாறிய பக்கங்களுக்கு மட்டுமே இடம் செலவாகும்.

விண்டோஸ் கணினிகள் இந்தச் சேவையகத்தோடு பேச சாம்பா என்ற இலவச மென்பொருள் வேண்டும். அவுஸ்திரேலியாவின் அன்ட்ரூ ட்ரிஜெல் தொடங்கியது. எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடித்தான் இந்தப் பெயரைப் பிடித்தாராம். சாம்பாவைச் சரியாக அமைத்தால், மாணவி தன் கோப்பின் மேல் வலது பக்கம் சொடுக்கி, ப்ரீவியஸ் வேர்ஷன்ஸ் என்ற இடத்தில் பழைய பிரதியைத் தானே எடுத்துக்கொள்ளலாம். எங்களைத் தேடி வரவே தேவையில்லை.

முதல் நாள் காலை பத்து மணிக்கு எடுத்த ஸ்னெப்ஷொட், பிற்பகல் 3.30 என்று காட்டியது. பாடசாலை விட்ட பிறகு யார் வந்து எடுத்தது என்று சிரித்தோம். இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது: நான் இலங்கை நேரத்தில் பெயர் வைத்தேன், சாம்பா அதைக் கிரீன்விச் நேரமாக எடுத்து ஐந்தரை மணித்தியாலம் கூட்டிவிட்டது. அதைத் திருத்தினோம். காலை 7.30 முதல் 1.30 வரை மணிக்கொரு தடவை எடுத்து, இரண்டு வாரம் வைத்திருக்க ஒழுங்கு செய்தோம். கணினியே களவு போனால் ஸ்னெப்ஷொட்டும் சேர்ந்து போகும் என்பதால், வியாழன்தோறும் டீச்சர் வெளித்தட்டில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போவார்.

எல்லாம் நன்றாக நடந்தது. ஒரு புதன்கிழமை, ஒரு தங்கையின் தொலைந்துபோன கவிதையைத் தேடிப் பொதுக் கோப்புறையின் பழைய பிரதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரில்லாத ஒரு கோப்பு இருந்தது. கவிதையோ என்று திறந்தேன். கவிதை அல்ல, கடிதம். இரண்டு வரி வாசித்த பிறகுதான் மூடினேன். ஒரு வரியோடு மூடியிருக்கலாம். அதை நானே அறிவேன்.

எழுதியவளைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ராத்தா, நான் அத அழிச்சிட்டேன் தானே? பொறகு எப்படி இருக்கு?"

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிறகு எழுதி, செவ்வாய் ஒன்பது மணிக்கு அழித்திருக்கிறாள். இடையில் ஆறு ஸ்னெப்ஷொட்கள். யாரும் இரண்டு சொடுக்கில் திறக்கலாம். அதை மட்டும் நீக்கித் தருமாறு கேட்டாள். அங்கேதான் சிக்கல். ஸ்னெப்ஷொட்டுக்குள் இருக்கும் ஒரு கோப்பை மட்டும் அழிக்க முடியாது. அழிப்பதானால் முழு ஸ்னெப்ஷொட்டையும் அழிக்க வேண்டும். அப்படிச் செய்தால் அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகள் செய்த வேலையின் பிரதிகளும் போய்விடும். விட்டுவைத்தாலோ, மறுநாள் வியாழன். கடிதம் டீச்சர் வீட்டுத் தட்டுக்கும் போகும்.

யார் எழுதியது, என்ன எழுதியது என்று சொல்லாமல் டீச்சரிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளைகள் நம்மள நம்பித் தந்த அமானிதம் அது. ரெண்டு பக்கமும் அமானிதம்தான். நீங்க முடிவெடுங்க" என்றார். ஆறையும் அழித்தேன். கட்டளையைத் தட்டும்போது ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை வாசித்தேன். போன வருடம் வாசிக்காததற்கும் சேர்த்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புறையும் கடவுச்சொல்லும் கொடுத்தோம். "இங்கே அழித்தது இரண்டு வாரம் இருக்கும்" என்று கதவில் எழுதி ஒட்டினோம். நிர்வாகிக் கடவுச்சொல் வைத்திருப்பவர் இன்னும் எல்லாவற்றையும் திறக்கலாம் என்பதையும் எழுதச் சொன்னேன். அந்த நிர்வாகி நான்தான்.

அடுத்த திங்கள் என் வகுப்புத் தோழி ஒருத்தி ஓடிவந்தாள். முந்திய திங்கள் நண்பகல் தட்டெழுதிய கணக்கீட்டு அட்டவணையைச் செவ்வாய் காலை வந்தவுடனே மாற்றி எழுதிவிட்டாளாம். பழையதுதான் சரி, அது வேண்டும் என்றாள். அந்த ஆறுக்குள்தான் அது இருந்தது.

"அத நான் அழிச்சிட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"ஒருத்தருக்குத் தேவப்பட்டிச்சு."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்க என்னோடு பேசவுமில்லை. மறுநாள் இடைவேளையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் பற்றுச்சீட்டுகளைப் பார்த்துத் தொகைகளைச் சொல்லச் சொல்ல, நான் தட்டெழுதினேன். முடிக்க மூன்று இடைவேளை எடுத்தது.

கடிதம் எழுதியவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்த இரண்டு வரியை எழுதக்கூடாது.