கம்பு கழுவாது, தண்ணீர்தான் கழுவும்

திருச்சியில் தில்லைநகர், சாலை ரோடு, கண்டோன்மெண்ட் பக்கம் போய் வருபவர்கள் கவனித்திருப்பார்கள். புதிதாகக் கட்டும் கடை, கிளினிக், வங்கிக் கிளை எல்லாவற்றுக்கும் முன்பக்கம் கண்ணாடிதான். பார்க்க அழகுதான். ஆனால் வெளிப்பக்கத்தை யார் துடைக்கிறார்கள், எப்படித் துடைக்கிறார்கள் என்று யாராவது யோசித்ததுண்டா?

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமா இருக்கிறார். அவருக்கு அதுதான் தொழில். நான்கு ஆட்கள், இரண்டு ஏணி, வாளி, சோப்புத் தண்ணீர், ரப்பர் வைப்பர். இதை வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாலைந்து கட்டடங்களைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்து வந்தார். போன ஆடி மாதக் காற்றில், ஈரமான டைல்ஸ் தரையில் ஏணி வழுக்கிவிட்டது. மேலே நின்றிருந்த அண்ணனுக்கு மணிக்கட்டு உடைந்தது. உயிர் தப்பியது பெரிய விஷயம். அவர் மறுபடி ஏணி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மற்ற மூவரும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாமா ஒரு முடிவுக்கு வந்தார். தரையில் நின்றபடியே மாடிக் கண்ணாடியைக் கழுவும் தண்ணீர்க் கம்பு ஒன்று வாங்கிவிடுவது. கணக்குப் பார்க்க பி.காம் படிக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டார்.

இந்தக் கம்பு பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒட்டடைக் கம்பு மாதிரிதான். ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்து நீளும் குழாய்கள். உள்ளே மெல்லிய தண்ணீர்ப் பைப். உச்சியில் ஒரு பிரஷ், பிரஷில் தண்ணீர் பீய்ச்சும் சின்ன முனைகள். தேய்க்க வேண்டும், பிறகு பிரஷைத் தூக்கிப் பிடித்து அலச வேண்டும். துடைப்பது கிடையாது! தண்ணீர் தானாகக் காயும். பிரிட்டனில் 2005-ல் உயரத்தில் வேலை செய்வதற்கான விதிமுறைகள் வந்தன. உயரத்தில் ஏறாமல் முடிக்கக்கூடிய வேலை என்றால் ஏறாமலே முடிக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் பாடம். அங்கே ஏணிகள் குறைந்து இந்தக் கம்புகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

விற்பவர் காட்டியது 45 அடி கார்பன் கம்பு. மாமா கையில் இருந்த பணம் முழுவதும் அதற்கே சரியாகப் போய்விடும். "மத்த சாமான் எல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம் சார்" என்றார் விற்பவர். மாமாவும் தலையாட்டிவிட்டார்.

"மாமா, ஒரு நிமிஷம். நம்ம கட்டடங்கள்ல மேல் ஜன்னல் எத்தனை அடி?"

எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இரண்டு மாடி. 30 அடிக்குள் முடிந்துவிடும். ஒரே ஒரு கட்டடத்துக்காக 15 அடி அதிகம் வாங்குவதா? அதுவும் கம்பு நீள நீள மேலே வளையும், தோளில் கனக்கும். நாள் முழுக்கப் பிடிப்பவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

அடுத்து அவன் செய்ததுதான் முக்கியம். சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வந்தான். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் பேனா மாதிரியான கருவி. வீட்டு போர் தண்ணீரில் வைத்தான். எண் ஐநூறைத் தாண்டி ஓடியது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் மூன்று இலக்கம்தான்.

மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "டேய், இது காவிரித் தண்ணிடா! இதுக்கே குறை சொல்றியா?"

குறை இல்லைதான். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்பு இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரைகூட அனுமதி உண்டு. ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் வேறு, கண்ணாடிக்கு நல்ல தண்ணீர் வேறு. கணக்கைப் பாருங்கள். 500 அளவுள்ள தண்ணீர் 100 மில்லி கண்ணாடி மேல் நின்று காய்ந்தால் 50 மில்லிகிராம் உப்பு அங்கேயே தங்கும். அதுதான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் புள்ளி. வைப்பர் போட்டு இழுக்கும்போது உப்பும் தண்ணீரோடு போய்விடும். கம்பில் துடைப்பதே இல்லையே! அதனால்தான் இந்தத் தொழிலில் டிடிஎஸ் 10-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். அப்போது அதே 100 மில்லியில் மிஞ்சுவது 1 மில்லிகிராம்.

ஆக, 45 அடி கம்பை மட்டும் வாங்கி போர் தண்ணீரை விட்டிருந்தால், கழுவாத கண்ணாடியே தேவலை என்று காண்ட்ராக்ட் போயிருக்கும்.

தண்ணீரைச் சுத்தமாக்க இரண்டு வழி. ஒன்று ஆர்.ஓ. ஆனால் சின்ன ஆர்.ஓ. மெஷின்கள் உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியே தள்ளும். இரண்டாவது, ரெசின் நிரப்பிய உருளை. அது உப்பைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் வீணாகாது. ஆனால் ரெசின் தீர்ந்துபோகும், மாற்ற வேண்டும். காஸ்டிங் பேப்பர் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கம்பு நிலையான செலவு, ஒருமுறை வாங்கினால் முடிந்தது. ரெசின் மாறும் செலவு, ஒவ்வொரு கண்ணாடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தொழில் நிற்பதும் விழுவதும் இந்த இரண்டாவதில்தான்.

இங்கேதான் மருமகனுக்கு ஒரு யோசனை. ரெசின் எவ்வளவு நாள் வரும் என்பது உள்ளே போகும் உப்பைப் பொறுத்தது. 500 உள்ள தண்ணீருக்குப் பதில் 50 உள்ள தண்ணீரை விட்டால் அதே ரெசின் ஏறக்குறைய பத்து மடங்கு தண்ணீர் தரும். 50 உள்ள தண்ணீருக்கு எங்கே போவது? மொட்டை மாடிக்கு! தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மாமா வீட்டிலும் அப்போது போட்ட பைப் இருக்கிறது. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடித்த தண்ணீரில் மீட்டர் ஐம்பதைக்கூடத் தொடவில்லை.

மழை இல்லாத மாதங்களில்? அந்தக் கண்ணாடிக் கட்டடங்களே தருகின்றன. ஏசி பைப்பில் சொட்டுவது காற்றிலிருந்து குளிர்ந்து வந்த ஈரம். அதில் உப்பு மிகக் குறைவு. குடிக்கக் கூடாது, தூசி பாசி போக முதலில் வடிகட்ட வேண்டும். மற்றபடி சாக்கடைக்குப் போகிற தண்ணீர்தானே! கிளினிக்காரரிடம் கேட்டார்கள். "எடுத்துக்குங்க, தரை வழுக்காம இருந்தா சரி" என்றார்.

பிறகு மற்ற சாமான்கள். பிரஷில் நைலான் லேசானது, பன்றி முடி நன்றாகத் தேய்க்கும், ஆனால் நனைந்தால் கனம். நைலான் போதும் என்று முடிவு. உச்சியில் மாட்டும் கோண இணைப்பு நம் ஊருக்குக் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் நம் ஜன்னல்களுக்கு மேல் சன்ஷேட் நீட்டிக்கொண்டிருக்கும். நேர்க் கம்பால் அதன் அடியில் பிரஷைத் திருப்ப முடியாது. கை அருகே ஒரு தண்ணீர் நிறுத்தும் குழாய், கம்பின் பூட்டுகளுக்கு உதிரி. இவ்வளவும் சேர்ந்தாலும் கார்பன் கம்பு விலையில் ஒரு பங்குதான்.

கார்பனை வேண்டாம் என்றதற்கு விலை மட்டும் காரணமில்லை. தென்னந்தோப்பில் இரும்புத் தொரட்டி மின்கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்று ஸ்ரீரங்கத்துக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அலுமினியம் போலவே கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும். ஃபைபர் கொஞ்சம் கனம், ஆனால் அதைவிடப் பாதுகாப்பு. நனைந்து அழுக்கான ஃபைபரையும் முழுசாக நம்ப முடியாது. கம்பி பக்கத்தில் எந்தக் கம்பும் கூடாது.

அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் முன்னால் கம்பி போகிறது. மாமாவுக்கு அதை விட மனசில்லை. "மாசா மாசம் கரண்ட் நிறுத்துற நாள்ல செஞ்சுடலாமேடா?"

"வேணாம் மாமா. எங்கேயாவது ஜெனரேட்டர், இன்வர்ட்டர் ஓடிட்டு இருக்கும். நடுவுல கரண்ட் வந்தா? கம்பைப் பிடிக்கப் போறது நாம இல்லையே."

மாமா வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் அந்தக் காண்ட்ராக்டை விட்டுவிட்டார். வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு அது. பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார், "அப்ப ராஜகோபுரத்துக்கு எத்தனை அடி கம்புடா வேணும்?" 1987-ல் கட்டி முடித்த 13 நிலைக் கோபுரம், 236 அடி. அதற்குச் சாரம்தான் கட்ட வேண்டும், கம்பு அல்ல!

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. பழைய கண்ணாடியில் வருஷக்கணக்காக ஏறியிருந்த உப்புக்கறை இந்தத் தண்ணீருக்குப் போகவே இல்லை. எட்டும் இடத்தில் வினிகர் போட்டுக் கையால் தேய்த்தார்கள். எட்டாத கறை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. முதல் முறை கழுவியபோது ஃப்ரேம் ஓர அழுக்கு வழிந்து கோடு விழுந்தது. இரண்டாவது முறை கழுவ வேண்டியிருந்தது.

மணிக்கட்டு உடைந்த அண்ணனால் 30 அடி கம்பை ரொம்ப நேரம் பிடிக்க முடியாது. அவர் இப்போது தண்ணீர் டேங்க் பக்கத்தில் நிற்கிறார். கையில் அந்தச் சின்ன மீட்டர். எண் பத்தைத் தாண்டினால், "நிறுத்து, ரெசின் மாத்தணும்!" என்று கத்துகிறார். மாமாவே என்றாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். பழைய சம்பளம்தான், குறைக்கவில்லை. ஏணி இரண்டும் திண்ணையில் சாய்ந்து கிடக்கின்றன.