ஒளியும் விழியும் முருங்கையும்

ஒளி இல்லாவிடில் கண் காணாது என்பதைக் குழந்தையும் அறியும். ஆனால், கண்ணினுள் புகுந்த ஒளி அங்கே என்ன செய்கிறது என்று கேட்டால் நம்மிற் பலர் தயங்குவோம். கண்ணாடியில் விழுவதுபோல விழித்திரையிலும் உருவம் விழுகிறது என்று கூறி அமைந்துவிடுவோம். உருவம் விழுவது உண்மையே. எனினும், விழுந்த ஒளியைப் பார்வையாக்குவது ஓர் இரசாயன மாற்றமாகும்.

உயர்தர வகுப்பில் நிரம்பாத அல்டிகைட்டுக்களைப் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போது மாணவர் முகங்களில் ஒருவகைச் சோர்வு படரும். "சேர், இது சோதினைக்கு மட்டுந்தானே?" என்று ஒருமுறை ஒருவன் கேட்டான். "கறுவாப்பட்டைக்கு மணந்தருவது ஒரு நிரம்பாத அல்டிகைட்டு. நீர் இப்போது என்னைப் பார்ப்பதும் அவ்வினத்தைச் சேர்ந்த இன்னொன்றினாலேதான்" என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்பொருளின் பெயர் ரெற்றினல். இருபது காபன் அணுக்களைக் கொண்ட அம்மூலக்கூற்றில் இரட்டைப் பிணைப்புக்களும் ஒற்றைப் பிணைப்புக்களும் மாறிமாறி வருகின்றன. நுனியிலே அல்டிகைட்டுக் கூட்டம் இருக்கிறது. இருளில் அது பதினோராம் காபனருகே வளைந்து, ஒப்சின் என்னும் புரதத்தினுள் பொருந்திக் கிடக்கும். இரட்டைப் பிணைப்பு எளிதிற் சுழலாது. ஆனால் ஒளியின் ஒரு துகளை உட்கொண்டதும் அதன் பிடி தளர, வளைந்த மூலக்கூறு நிமிர்ந்துவிடுகிறது. ஒரு செக்கனை ஐந்து இலட்சம் கோடி கூறாக்கினால், ஏறத்தாழ ஒரு கூறு நேரத்தில் இது நிகழ்ந்துவிடுகிறது என்பதை 1991 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அளந்தறிந்தனர். நிமிர்ந்த மூலக்கூறு புரதத்தின் வடிவை மாற்றுகிறது. அம்மாற்றமே நரம்பின் வழியாக மூளைக்குச் செய்தியாகிறது. ஒளியின் வேலையோ அந்த ஒரு நிமிர்த்தலோடு முடிந்துவிடுகிறது.

மானிப்பாயில் தமிழிலே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியரின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875 இல் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, தவளையின் விழித்திரையிலுள்ள செந்நிறம் ஒளிபட்டு வெளிறுவதைப் பிரான்ஸ் பொல் என்னும் ஜெர்மானியர் கண்டார். 1933 இல் ஜோர்ஜ் வால்ட் விழித்திரையில் விற்றமின் ஏ இருப்பதைக் கண்டறிந்தார். அவரும் றூத் ஹபார்ட் அம்மையாரும் பிறரும் பின்னர் செய்த ஆய்வுகளே வளைவும் நிமிர்வும் பற்றிய உண்மையைத் தெளிவாக்கின. 1967 இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் வால்டும் ஒருவர்.

விற்றமின் ஏயிலிருந்தே ரெற்றினல் உண்டாகிறது. நிமிர்ந்ததை உடல் மீண்டும் வளைத்துப் பயன்படுத்துமாயினும், குறைவதை உணவே நிரப்பவேண்டும். நிரப்பாவிடின் முதலில் மங்கிய ஒளியிற் பார்வை குன்றும். அதுவே மாலைக்கண். மேலும் கவனியாது விட்டால் கருவிழி வறண்டு, பார்வை முற்றாகவே போய்விடக்கூடும்.

1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலேதான் எங்கள் தலைமுறை படித்தது. அந்நாளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு சிறுவன் செக்கலானதும் வேலியைத் தடவித் தடவி நடப்பான். "விளக்கு மங்கல், அதுதான்" என்றனர் பெரியோர். எல்லார் வீட்டிலும் விளக்கு மங்கல்தான். தடவி நடந்தவன் அவன் ஒருவனே. அதைக் கவனித்தவர் என் அம்மம்மா. "பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, முருங்கையிலை நான் ஆய்ஞ்சு தாறன்" என்று அவன் தாயிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் விற்றமின் கொடுத்தார்கள். சில நாட்களில் அவன் மாலையிலும் எங்களோடு ஓடி விளையாடினான். ரெற்றினல் என்ற பெயரை அம்மம்மா கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் நடையைப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

முருங்கையிலையிலும் பனம்பழக் களியிலும் உள்ள கரோட்டீன் என்னும் நிறப்பொருளை உடல் விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்கிறது. அது உடலிற் சேர்வதற்குக் கொழுப்பும் வேண்டும். வறையில் நாம் சேர்க்கும் தேங்காய்ப்பூ அத்தேவையை நிறைவேற்றுகிறது. இங்கே இன்னொரு புதுமையும் உண்டு. கரோட்டீனிலும் இரட்டைப் பிணைப்புக்கள் மாறிமாறி அமைந்திருப்பதால் அதுவும் ஒளியை விழுங்கும்; ஒளியும் காற்றும் சேர்ந்தால் சிதைந்துபோகும். ஆதலால் முருங்கையிலையைக் காயவைத்துச் சேமிப்போர் வெயிலில் விரிக்காது நிழலில் உலர்த்துதல் நன்று. பார்வையைத் தரும் ஒளியே பார்வைக்கான உணவை அழிக்கவும் வல்லது.

மாலைக்கண்ணுக்கு வேறு காரணங்களும் உண்டு. விற்றமின் ஏ அளவு மிஞ்சினாலும் கேடு செய்யும். ஆதலால் வைத்தியர் சொல்லாமல் குளிசைகளை விழுங்கலாகாது. பெற்றோர் செய்யவேண்டியது எளிது: பொழுதுபடும் வேளையிற் பிள்ளை தடுமாறினால் விளக்கைக் குறைகூறி இருந்துவிடாது, அன்றைக்கே விசாரித்து வைத்தியரிடம் காட்டுங்கள். மாணவர்களே, பாடப்புத்தகத்தில் இரண்டு கோடுகளாக வரையப்பட்டிருக்கும் அந்த இரட்டைப் பிணைப்பை இனிக் காணும்போது, அதைக் காண்பதற்கும் அத்தகைய பிணைப்பொன்றே உங்கள் கண்ணில் நிமிர்ந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.