வேரடியில் ஒரு கொடுக்கல் வாங்கல்

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே ஒரு மகளிர் குழுவின் கொட்டகை. குழியில் நின்ற மக்காச்சோளத்தைப் பாதி அறுத்திருந்தார்கள். கதிருக்காகப் போட்ட சோளமல்ல, வேருக்காகப் போட்டது. தார்ப்பாய் விரித்த குழியில் வெர்மிகுலைட்டும் கிருமி நீக்கிய மண்ணும் நிரப்பி, வேம் (VAM) எனப்படும் வேர்ப் பூசணத்தின் தாய்வித்து இட்டு, சோளம் ஊன்றி 60 நாள் வளர்க்கிறார்கள். உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூசணம் பெருகாது. அசோஸ்பைரில்லம் பாக்டீரியா போலக் கரைசலில் வளர்த்து எடுக்க வழியில்லை. அதனால் வேரையும் பொடியாக நறுக்கி மண்ணோடு கலந்து மூட்டை கட்டுகிறார்கள். நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் போதும்.

டிரிப்பான் நீலச் சாயம் ஏற்றிய வேர்த்துண்டை நுண்ணோக்கியில் காட்டினார்கள். செல்லுக்குள் குட்டி மரம்போலப் பூசணம் கிளைவிட்டிருந்தது. கொடுக்கல் வாங்கல் அங்கேதான்: செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது, பூசணம் மணிச்சத்தும் நீரும் தருகிறது.

பக்கத்திலேயே மானாவாரி மிளகாய். மார்கழியோடு மழை நின்றுவிட்டது. உச்சி வெயிலில், வேம் இடாத பாத்தியில் இலைகள் துவண்டு தொங்கின. இட்டதில் அவ்வளவு வாட்டம் இல்லை. ஒரு பாத்தியைப் பார்த்து முடிவு கட்ட மாட்டேன். ஆனால் காரணம் விளங்குகிறது. மண் காயக் காய ஈரம் நுண்ணிய இடுக்குகளில் ஒதுங்கும். வேர்த்தூவி நுழையாத அந்த இடுக்கிலும் பூசண இழை நுழையும். காய்ந்த மண்ணில் நகராமல் கிடக்கும் மணிச்சத்தையும் தேடிப்போய் எடுத்து வரும். தோட்டக்காரம்மா ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். உதறியும் மண் உதிரவில்லை, வேரைச் சுற்றிப் பொடிக் கட்டிகளாக ஒட்டியிருந்தது. இழைகள் மண்துகளைப் பிணைத்து வைக்கும்.

"டிஏபியக் கொட்டுனா செடி இதச் சேத்துக்கிடாது சார்," என்றார். உண்மைதான். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூசணத்துக்கு அவ்வளவாகச் சர்க்கரை கொடுக்காது. அடிக்கடி உழுதால் இழைவலை அறுந்துபோகும். நெடுநாள் தரிசு போட்டால் பட்டினி கிடக்கும். காசு கொடுத்து மூட்டை வாங்குமுன், நம் மண்ணில் ஏற்கெனவே இருப்பதைச் சாகவிடாமல் காப்பதே முதல் வேலை என்று உறுதியாகச் சொல்வேன்.

மிளகாய் ஓய்ந்ததும், கோடை மழைக்குத் தட்டைப்பயறு தூவப்போகிறாராம். நல்ல தேர்வு. தட்டைப்பயறு வேரில் பூசணம் தாராளமாகக் குடியேறும். முள்ளங்கி, முட்டைக்கோஸ் வகையறா போட்டால் அதற்கு அங்கே இடமே கிடைக்காது.