215002200 கிலோ

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம், ஓர் உப்புக் கண்டெய்னரின் எடையை 215002200 கிலோ என்று காட்டியது. சரக்கு 21500, வெறும் பெட்டி 2200. கூட்டினால் 23700 வரவேண்டும். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைச் சொல்லாமல் எந்தக் கண்டெய்னரையும் கப்பலில் ஏற்ற முடியாது. எந்தப் பெட்டி அடியில், எது மேலே என்று அடுக்குவதே இந்த எண்ணைப் பார்த்துத்தான். பிழை கண்ணில் பட்டதால் தப்பித்தோம். என்னால் அன்று சாப்பிட முடியவில்லை.

படிவத்தில் தட்டிய 21500 நம்பராக வரவில்லை, ஸ்ட்ரிங்காக வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டது. புதிய கோப்புகளை, டைப்களைச் சோதிக்கும் டைப்ஸ்கிரிப்டில்தான் எழுதுகிறேன். இந்தக் கணக்கு மட்டும் பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் கிடந்தது. டிஎஸ்கான்ஃபிக் கோப்பில் 'அலோஜேஎஸ்' போட்டிருந்ததால் விஎஸ் கோட் எடிட்டர் அதைப் படித்தது. 'செக்ஜேஎஸ்' போடாததால் சோதிக்கவில்லை.

ஆத்திரத்தில் அதையும் போட்டேன். நானூறு சிவப்புக் கோடுகள். இரண்டே நாளில் அவற்றைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இந்தக் கரையில் முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000. பெரிய முத்து முதல் சல்லடையிலேயே நின்றுவிடும், பொடி அப்புறம்தான். நான் எடுத்த எடுப்பில் ஆயிரம் துளைச் சல்லடையை நீட்டியிருந்தேன்.

செக்ஜேஎஸ்ஸை எடுத்துவிட்டு, எடைக் கோப்பின் தலையில் மட்டும் '@டிஎஸ்-செக்' என்று ஒரு வரி எழுதினேன். அப்போதும் எடிட்டர் வாய் திறக்கவில்லை. ஸ்ட்ரிங்கோடு நம்பரைக் கூட்டல் குறி போட்டுச் சேர்ப்பதை டைப்ஸ்கிரிப்டே தவறென்று சொல்லாது. உள்ளே வருவது ஸ்ட்ரிங், வெளியே போகவேண்டியது நம்பர் என்று ஃபங்ஷனுக்கு மேலே ஜேஎஸ்டாக் குறிப்பாக எழுதிய பிறகுதான் ரிட்டர்ன் வரியின் கீழே கோடு விழுந்தது. என்ன வேண்டும் என்பதை நாம் சொல்லாதவரை எந்தச் சோதனையும் நம்மைக் காப்பாற்றாது என்று அந்த ஒரு கோட்டைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

'@டிஎஸ்-செக்' வரியை என் எடிட்டர் செட்டிங்கில் வைக்காமல் கோப்பிலேயே வைத்ததில் எனக்கு நிறைவு. பக்கத்து மேசைத் தம்பி திறந்தாலும் அதே கோடு தெரியும்.

நேற்று சுங்கவரிக் கணக்குக் கோப்பில் அதைச் சேர்த்தேன். பதினேழு கோடுகள். ஆறைத் தீர்த்திருக்கிறேன்.